எலும்பைப் பார்த்துச் சொன்ன அக்கா

பாலம் கட்டும் இடத்தில் நூற்று நாற்பது பேருக்குச் சமைத்துப் போட்டவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். ஐம்பத்து நான்கு வயது. கணவர் போன பிறகு பதினேழு வருடமாக இதே பிழைப்பு. முதலில் ஓர் அணை, பிறகு ரயில்பாதை, இப்போது பாலம். இடம் மாறியதே தவிர அண்டாவும் கரண்டியும் மாறவில்லை. முழங்கால்கள் மட்டும் வருடா வருடம் புதிதாக ஏதாவது சொல்லின.

தகரக் கொட்டகையில் நான்கு அடுப்புகள். வெட்டும் பலகைகள் மட்டும் ஐந்து. மாட்டிறைச்சி தொடாதவர்கள் ஒரு கூட்டம், பன்றி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போகிறவர்கள் ஒரு கூட்டம், எதையுமே தொடாதவர்கள் ஒன்பது பேர். கடற்கரைக்காரர்கள் நண்டை ஓட்டோடு கடித்து நொறுக்குவார்கள், ஆட்டுக்குடலைக் கண்டால் அவர்களுக்குக் குமட்டும். குடலைச் சப்புக்கொட்டித் தின்கிறவர்களோ நண்டை எட்டுக்கால் பூச்சி என்பார்கள். ஒவ்வொருவரும் தனியாக அடுக்களைப் பக்கம் வந்து, அடுத்தவன் தின்பதெல்லாம் எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ என்று அக்காவிடம் அலுத்துக்கொள்வார்கள். அக்கா எல்லோருக்கும் "சரிப்பா" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, ஐந்து பலகைகளையும் தனித்தனியாகத் தேய்த்துக் கழுவி வைப்பார்.

கூட உதவிக்கு இருந்த பெண்ணுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாற்பது வயதுக்காரி. வெங்காயம் உரிக்கும்போதுகூட வாய் ஓயாது. அக்கா பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அந்த முகாமில் மலைப்பக்கத்திலிருந்து வந்த மூன்று பேர் வெல்டிங் வேலை பார்த்தார்கள். மூவரில் மூத்தவரை எல்லோரும் வெல்டர் என்றே அழைத்தார்கள். அதிகம் பேசமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு அடுக்களை மூடிவிடும். அன்று சாயங்காலம் அவர்கள் தங்கும் அறைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து, தங்களுக்கு மட்டும் ஏதாவது சமைத்துக்கொள்வார்கள். அவர்கள் ஊரில் நாய் தின்பார்கள் என்று முகாமில் ஒரு பேச்சு உண்டு. யார் முதலில் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

முகாமில் கறுப்பி என்று ஒரு நாய் திரிந்தது. யாரும் அதை வளர்க்கவில்லை. அதுதான் கிரேன் ஓட்டுபவரைத் தத்தெடுத்துக்கொண்டது. அவர் ஆள் மலை மாதிரி இருப்பார், சத்தமாகப் பேசுவார். வீட்டுக்குப் போன் பண்ணும்போதுகூட கறுப்பியைப் பற்றித்தான் முதலில் சொல்வாராம். அவர் கிரேன் மேலே இருக்கும் நேரமெல்லாம் அது கீழே சக்கரத்து நிழலில் படுத்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை கறுப்பியைக் காணவில்லை. மறுநாள் சாயங்காலம் வெல்டர்களின் அறைக்குப் பின்னால் புகை எழுந்தது. இறைச்சி வாசம், ஆனால் முகாமில் பலருக்கும் பழக்கமில்லாத வாசம். இரண்டையும் கூட்டிப் பார்க்க யாருக்கும் கணக்குப் பாடம் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் பாதிப் பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது கிரேன்காரர் உள்ளே வந்தார். கையில் ஒரு சிமெண்ட் சாக்குத் துண்டு. வெல்டர்களின் சாம்பல் குழியைக் கிளறி எடுத்து வந்த கருகிய எலும்புகளை அதில் மூட்டை கட்டியிருந்தார். அதை வெல்டரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். முகத்தில் கோபம் மட்டுமில்லை, அழுகையும் இருந்தது.

"நாய் இல்ல," என்றார் வெல்டர்.

"அப்ப என்ன?"

வெல்டர் வாயைத் திறக்கவில்லை. கூட இருந்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மௌனம் ஒன்றே போதும் என்று கொட்டகை முடிவுகட்டிவிட்டது. உங்கள் ஊரில் நாய் தின்பீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்.

வெல்டர் திரும்பிப் பார்த்தார். "சில பேர் சாப்பிடுவாங்க. அதுக்காகக் காணாமப்போன நாயெல்லாம் எங்க வயித்துலயா இருக்கும்? நீங்க கோழி சாப்பிடறீங்க. எங்கயாவது கோழி காணாமப்போனா உங்களையா வந்து புடிக்கறாங்க?"

கொட்டகையில் சத்தம்தான் இன்னும் கூடியது. இரண்டு பேர் வெல்டரின் சட்டைக் காலரில் கை வைத்தார்கள்.

அக்கா குழம்புக் கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாக்கைக் குனிந்து பார்த்தார். தீக்குச்சி கனத்தில் எலும்புகள். ஒரு சின்னத் தாடை, முன்னால் நீண்டு வளைந்த இரண்டு பற்கள். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாசத்தோடுதான் அவர் பிறந்து வளர்ந்தார். அறுப்பு முடிந்த வயல்களில் வளை வளையாகத் தோண்டி, புகை போட்டு, வெளியே ஓடிவரும் எலிகளைப் பிடிப்பது அவருடைய அப்பாவின் தொழில். வயல்காரர்கள் கூலியாக ஏதோ கொடுப்பார்கள். பிடித்த எலி வீட்டுக்கு. மற்ற வீடுகளில் அரிசி இருந்தது, அவர்கள் வீட்டில் எலி இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் யாரோ அவருடைய நோட்டுக்குள் ஓர் எலிவாலை வைத்து மூடிவிட்டார்கள். வகுப்பு முழுக்கச் சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார். அதற்குப் பிறகு அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டார். பிறந்த வீட்டில் என்ன தின்றோம் என்பதைக் கட்டின கணவரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் யோசித்துத்தான் அக்கா பேசினார் என்று சொல்ல முடியாது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நிற்க முடியாமல் கால் வலித்தது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்பதுபோலத்தான் பேசினார்.

"கைய எடுங்கப்பா. இது நாயில்ல. நாயோட தொடை எலும்பு ஒரு சாண் இருக்கும். இது எலி. வயல் எலி. புகையில காயவெச்சு ஊர்லேர்ந்து கொண்டுவந்திருக்காங்க."

அதெப்படி உங்களுக்குத் தெரியும் என்று கிரேன்காரர் கேட்டார்.

"எப்படின்னா? தின்னிருக்கேன். பதினஞ்சு வயசு வரைக்கும் எங்க வீட்டுல அதான் கறி."

காலரிலிருந்து கைகள் இறங்கின. வெல்டர் அக்காவைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை, பயம்தான் இருந்தது. எலி என்று அவரே சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டு, நாய்ப் பழியையே சுமக்கலாம் என்று உட்கார்ந்திருந்தவர் அவர். முன்வரிசையில் ஒருவர் தன் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். இன்னொருவர் எழுந்து போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். இந்தக் கையாலா இத்தனை நாள் சாப்பிட்டோம் என்று யாரோ முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்தது. அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அது சொல்லப்பட்டது.

உண்மை வந்தால் வழக்கு முடியும் என்பார்கள். இங்கே அது இன்னொரு வழக்கைத் திறந்துவிட்டது. எலியைத் தின்கிறவனுக்கு நாய் எம்மாத்திரம் என்று பேச்சு திரும்பியது. சாயங்காலத்துக்குள் மேனேஜர் மூன்று வெல்டர்களையும் வேறொரு வேலையிடத்துக்கு மாற்றி உத்தரவு போட்டார். அவர்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார். மூவரும் தகரப் பெட்டிகளோடு லாரியில் ஏறிப் போனார்கள்.

பிறகு மேனேஜர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை. இதில் நீங்கள் ஏன் தலையைக் கொடுத்தீர்கள் என்று வருத்தமாகவே கேட்டார். பேச்சு வாக்கில் விளையாட்டாகச் சொன்னேன் என்று நாளைக்கு எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றார்.

"விளையாட்டுக்கு யாராவது எலி தின்பாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்தார். பருப்பு அடுப்பில் இருந்தது.

மறுநாள் முப்பத்திரண்டு பேர் சாப்பிட வரவில்லை. ஒரு மைல் நடந்து போய்ச் சாலையோரக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அக்கா அளவைக் குறைக்கவில்லை, பழக்கம். சோறு மீந்தது. வாயாடிதான் ஆற்றாமையில் அந்த முப்பத்திரண்டு பேரையும் வகை வகையாகத் திட்டித் தீர்த்தாள். ஐந்தாம் நாள் பாத்திரம் துலக்கும்போது அவளே குரலைத் தாழ்த்தி, அந்தக் கறி எப்படித்தான் இருக்கும் என்று கேட்டாள்.

"பசிச்சா நல்லா இருக்கும்," என்றார் அக்கா. "பசி இல்லாதப்ப தின்னதில்ல. அதனால தெரியல."

அந்த வாரக் கடைசியில் அக்காவின் மகன் போன் பண்ணினான். பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவன். கொட்டகையில் நடந்ததை யாரோ போனில் படம் பிடித்து, அது சுற்றிச் சுற்றி அவன் மாமனார் வீடுவரை போயிருந்தது. கத்தவில்லை, சோர்ந்துபோன குரலில்தான் பேசினான். முப்பது வயதில் இதை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்றான்.

"இத்தனை வருஷம் சொல்லாததை இப்ப ஏம்மா சொன்ன?"

"அந்த வெல்டர் கழுத்துல கைய வெச்சுட்டாங்கடா."

அவன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அன்று அக்கா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தவர், எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அழுகை வரவில்லை. இத்தனை வருடம் இழுத்து மூடி வைத்திருந்ததே ஒரு வேலையாக இருந்திருக்கிறது என்பது மட்டும் அப்போது தெரிந்தது. இன்னொரு வேலையைச் செய்து களைத்ததுபோல உடம்பு கனத்தது.

பன்னிரண்டாம் நாள் மணல் லாரியில் கறுப்பி வந்து இறங்கியது. சனிக்கிழமை நிழலுக்காகக் காலி லாரிக்குள் ஏறிப் படுத்திருக்கிறது. லாரி அதையும் சேர்த்துக்கொண்டு மணல் குவாரிக்குப் போய்விட்டது. அங்கே வேலை செய்பவர்கள் சோறு போட்டு வைத்திருந்தார்கள். யாருடைய நாயோ என்று விசாரித்து டிரைவர் திரும்பக் கொண்டுவந்து விட்டார். இளைத்திருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. கிரேனை நோக்கி ஓடிப் போய் வழக்கமான நிழலில் படுத்துக்கொண்டது. கிரேன்காரர் மேலிருந்து இறங்கி வந்து தரையிலேயே உட்கார்ந்தார். நாயைத் தொட அவருக்குக் கை எழவில்லை.

தப்பாகப் போய்விட்டதே என்று முகாமில் ஒருவரும் சொல்லவில்லை. கறுப்பிக்கு மட்டும் ஆளாளுக்கு பிஸ்கட் போட்டார்கள்.

அக்கா மேனேஜரிடம் நம்பர் வாங்கி வெல்டருக்குப் போன் பண்ணினார். நாய் வந்துவிட்டது என்றார். வெல்டர், நல்லா இருக்கா என்று நாயை விசாரித்தார். திரும்பி வருகிறீர்களா, மேனேஜரிடம் பேசட்டுமா என்று அக்கா கேட்டார்.

"வேண்டாங்க்கா. இங்க சாப்பாடு மோசம். ஆனா எங்க ஊர் எதுன்னு இன்னும் யாரும் கேக்கல. நாங்களும் சொல்லல." பிறகு, "நீங்க அன்னிக்கு உங்களைப் பத்திச் சொல்லியிருக்க வேண்டாம்," என்றார்.

"நீ வாயத் திறந்திருந்தா நான் ஏன்பா சொல்லப் போறேன்?"

வெல்டர் சிரித்தார். அக்காவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

மழை பிடித்துக்கொண்டு சாலை சேறானதும் கடைக்கு நடந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குத் திரும்பினார்கள். வரிசையில் நின்று, அக்கா முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினார்கள். அக்காவும் எதுவும் கேட்காமல் போட்டார். கிரேன்காரர்தான் கடைசி. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒருநாள் வந்து நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றது. சோறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

"அடிச்சோறுதான் இருக்கு. குழம்பு சூடு பண்ணித் தரேன், உட்காருங்க," என்று அக்கா அடுப்பைப் பற்றவைத்தார்.