வெள்ளிக்கிழமை யாருடைய முறை?

2004-இல் புதுச்சேரியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். மார்க்கெட்டிங் என்றால் என்ன படிப்பு என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி, காய் நறுக்கும் கருவி விற்பவர்களின் படிப்பு அது. பக்கத்து வீட்டு மாமி என்னிடமே கேட்டார்.

"ரெண்டு வருசம் படிச்சிட்டு நீயும் பையத் தூக்கிட்டு வருவியாம்மா? வந்தா மொதல்ல எங்க ஊட்டுக்கு வா. நான் வாங்கிக்கிறேன்."

அத்தாவின் மனத்தாங்கல் வேறு. மரக்காணம் கடைத்தெருவில் அவர் மளிகைக் கடை வைத்திருந்தார். "வியாபாரத்தப் போயி காலேஜ்லயா கத்துக் குடுக்குறாங்க? நம்ம கடையில வந்து ஒக்காரு. ஃபீஸும் கெடையாது, பஸ்ஸும் கெடையாது" என்றார். ஆனாலும் சேர்த்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடம், "பொண்ணு பாண்டியில எம்.பி.ஏ." என்று சொல்லும்போது மட்டும் எடை போடுகிற கை கொஞ்சம் நிதானப்படும்.

தினமும் காலையில் ஈ.சி.ஆர். பஸ். ஜன்னலுக்கு வெளியே உப்பளம். மடியில் எந்த நாட்டிலோ எந்தக் கம்பெனியோ சோப்பு விற்ற கதை. அனுமந்தை வருவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும், அல்லது தூங்கிவிடுவேன்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றிப் போகிற போக்கில் எழுத எனக்கு மனமில்லை. கல்லூரி மறுபடி திறந்தபோது நாங்கள் எல்லோரும் வந்து சேர்ந்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2005 கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். எனக்குச் சென்னையில் ஒரு மசாலாக் கம்பெனி கிடைத்தது. அவர்களுக்கு வளைகுடாவில் துபாய், ஷார்ஜா பக்கம் விற்க ஆசை. மேலாளர் கையில் விளம்பரமே தயாராக இருந்தது: பாலைவனத்தில் ஒருவன் தனியாக உட்கார்ந்து அம்மாவின் மீன் குழம்பை நினைத்து ஏங்குகிறான். "உங்க ஊர்லதான் வீட்டுக்கு ஒருத்தர் அங்க இருக்காங்களே. லீவுல வந்திருக்கிறவங்களப் பார்த்து இந்தக் கேள்வியெல்லாம் கேட்டுட்டு வாங்க" என்று ஒரு கத்தைக் கேள்வித்தாளைக் கொடுத்தார்.

முதல் வீடு உப்பளத்துக்குப் போகிற வழியில் இருந்தது. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அத்தாவின் கடையில்தான் அவர்களுக்கு மளிகை என்பதால் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். நான் பேனாவைத் திறந்து, புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன்.

"மசாலாத் தூளின் மணம் உங்களுக்கு எந்த அளவுக்கு முக்கியம்? மிக முக்கியம், முக்கியம், ஓரளவு முக்கியம்..."

"முக்கியந்தாம்மா."

"நிறம்?"

"அதுவும் முக்கியந்தான்."

"விலை?"

"எல்லாமே முக்கியந்தாம்மா. நீ பாத்து எது சரியோ அத டிக் பண்ணிக்கோ. பரீட்சையில பாஸாகணும்ல?"

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவருடைய மனைவி கதவோரம் வந்து நின்றார். "அவர்கிட்ட மணத்தப் பத்தி எல்லாம் கேக்காத. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம அங்க என்னா பண்றாருன்னு கேளு."

"சும்மா இரும்மா" என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது.

வற்புறுத்தவே வேண்டியிருக்கவில்லை, அவரே சொல்லிவிட்டார். அறையில் பத்துப் பேர். வாரநாளில் ஏதோ ஒரு குழம்பு, ஏதோ ஒரு சோறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் பிரியாணி. ஒவ்வொரு வெள்ளியும் ஒருவர் முறை. இவர் முறை வந்தால் அன்றைக்குப் பாதிப் பேருக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிடும்.

"கறி இருக்குது, அரிசி இருக்குது. கடைக்குப் போனா எல்லா நாட்டு மசாலாவும் இருக்குது. பத்துப் பேருக்கு எது எவ்ளோ போடணும்? அதான் தெரியல. போன தடவ கஞ்சியாயிடுச்சு. ஸ்பூன் போட்டுக் குடிச்சானுங்க."

"எனக்கு போன் பண்ணிக் கேப்பாரு" என்றார் மனைவி. "நான் கைக்குத் தோணுறத போடுறவ. போன்ல எப்படி சொல்றது?"

நான் பேனாவை மூடினேன். ஏக்கம், பாலைவனம், அம்மாவின் மீன் குழம்பு எதுவும் அந்த வீட்டில் இல்லை. பத்துப் பேர் முன்னால் மானம் போகாமல் ஒரு பிரியாணி செய்ய வேண்டும். அவ்வளவுதான் அவர் பிரச்சினை.

மறுநாளிலிருந்து கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கேட்டது ஒரே கேள்வி: "வெள்ளிக்கிழமை உங்க ரூம்ல யார் மொற?" அதைக் கேட்டதும் டீ வந்தது, அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. ஒருவர் உலையில் மல்லித்தூளுக்குப் பதிலாக வேறு எதையோ கொட்டிய கதையைச் சொல்ல, அவர் தம்பி அதைத் திருத்திச் சொன்னார். ஒரு வீட்டில் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டேன், அம்மா ஆள் அனுப்பித் தேடினார். எல்லாக் கதையிலும் ஒன்று பொதுவாக இருந்தது. ஊருக்கு வந்து திரும்புகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவது பெண்கள். வாங்குவது இங்கே, சாப்பிடுவது அங்கே.

சென்னைக்குப் போய் மேலாளரிடம் சொன்னேன். பத்துப் பேர் பானைக்கு அளந்த ஒரே பாக்கெட், பின்பக்கம் தமிழில் செய்முறை. விற்க வேண்டிய இடம் ஷார்ஜா இல்லை, நம் ஊர் மளிகைக் கடை.

"வளைகுடாவுக்கு விக்கணும்னு சொன்னா மரக்காணத்துல விக்கணும்னு சொல்றீங்க" என்றார்.

"வளைகுடாவுக்குப் போற பெட்டியில விக்கணும்னு சொல்றேன் சார்."

அவர் தன் விளம்பரத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "சரி, வெள்ளைக் கவர்ல போட்டுக் கொஞ்சம் தர்றேன். உங்க அப்பா கடையிலயே வெச்சுப் பாருங்க."

அத்தா முதலில் அவற்றை ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் அடுக்கினார். "பேரும் இல்ல, படமும் இல்ல, எவன் வாங்குவான்?" ஆனால் இரண்டாம் நாளே அவர் பேச்சு மாறிவிட்டது. பெண்கள் கடைக்கு வந்தால், "லீவு எப்ப முடியுது? பெட்டி கட்டியாச்சா? மாப்ள ரூம்ல எத்தினி பேரு?" என்று விசாரிப்பார். பதில் வருவதற்குள் பாக்கெட் கைக்கு வந்திருக்கும். நான் இரண்டு செமஸ்டரில் படித்ததை அவர் எனக்கு எதிரிலேயே, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி செய்துகொண்டிருந்தார். ஏசி மெக்கானிக்கின் மனைவியும் வந்து வாங்கிப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கடை போன் அடித்தது. அத்தா எடுத்தார். எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்டது.

"பாய், ஷார்ஜாலேருந்து பேசறோம்! ஒங்க பொண்ணு இருக்குதா? அடுப்பு எரியுது, சீக்கிரம்!"

வாங்கிக் காதில் வைத்தேன். அந்த மெக்கானிக்தான்.

"ஏம்மா, கவர்ல உப்பு 'தேவையான அளவு'ன்னு போட்டிருக்குது. தேவையான அளவுன்னா எவ்ளோ?"

பின்னால் ஒரே கூச்சல். ஒரு பிடி என்கிறார் ஒருவர், இரண்டு பிடி என்கிறார் இன்னொருவர், யாருடைய பிடி என்று மூன்றாமவர் சண்டைக்குப் போகிறார். அந்தச் செய்முறையை எழுதியவளே நான்தான். உப்பளத்து ஊரில் பிறந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கி, "தண்ணியக் கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாருப்பா. கடல் தண்ணி மாதிரி கரிக்கக் கூடாது, ஆனா உப்பு இருக்குதுன்னு தெரியணும்" என்றார். அங்கே பானையில் கரண்டி இடிக்கிற சத்தம். பிறகு, "சரியா இருக்குது மாமி!" என்று பத்துத் தொண்டையும் சேர்ந்து கத்தியது.

அடுத்த முறை அச்சடித்தபோது உப்புக்குக் கரண்டிக் கணக்குப் போட்டோம். அதற்கு முன் ஒரு நாள் முழுக்க, கல் உப்பும் தூள் உப்புமாக மாற்றி மாற்றி, அம்மா எங்களை அளக்க வைத்தார். அன்று நாங்கள் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றி அத்தா ரொம்ப நாள் குறை சொன்னார்.

அந்த ஆய்வை வைத்துத்தான் 2006-இல் படிப்பு முடிந்ததும் அதே கம்பெனி வேலை கொடுத்தது, புதிதாகத் திறந்த துபாய் அலுவலகத்தில். வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து ஆண்பிள்ளைகள் போவார்கள்; கல்யாணமாகாத பெண் தனியாகப் போனதில்லை. அத்தாதான் மறுப்பார் என்று நினைத்து அவருக்கான பதில்களையே தயார் செய்திருந்தேன். அவரோ, "கம்பெனி விசாதானே?" என்று மட்டும் கேட்டார்.

மறுத்தது அம்மா.

"ஊர்ல ஒவ்வொரு அம்மாவும் புள்ளைய அனுப்பிட்டு போனுக்குக் காத்துக் கெடக்குறா. நானும் அப்படிக் கெடக்கணுமா?"

சமாதானம் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். வீடு வீடாக ஏறிப் பழகியதில் ஒன்று வந்திருந்தது. ஒருவர் மனத்தில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசக் கூடாது. "என்னம்மா பயம் ஒனக்கு?" என்று மட்டும் கேட்டேன். அம்மா வெகுநேரம் பேசினார். ஊர் என்ன சொல்லும் என்பது அதில் ஒரு வரிதான். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் மீதியெல்லாம்.

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற ஒரு மலையாள அக்காவின் வீட்டில்தான் நான் தங்குவதாக ஏற்பாடு. அவர் எண்ணை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். இவர் தமிழிலும் அவர் மலையாளத்திலும் பேசினார்கள். போனை வைத்துவிட்டு அம்மா, "நல்ல பொம்பளையா இருக்குது. அதுக்கும் ஒரு பொண்ணு இருக்குதாம். ஒரு வருசம் போயிட்டு வா" என்றார்.

அந்த ஒரு வருடம் நீண்டுகொண்டே போனது. துபாய்க்குப் பிறகு மலேசியா, அதற்குப் பிறகு கென்யா. நடுவில் கல்யாணம், இரண்டு குழந்தைகள். நைரோபியில் வேறொரு கம்பெனிக்காகத் தேயிலை விற்ற காலத்தில் அம்மா வந்து மூன்று மாதம் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு சுவாஹிலி தெரியாது. நான் மாலையில் வேலை முடிந்து வரும்போது இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, அவ மருமகளப் பத்தி" என்பார்.