மருமகள் போகிற வரைக்கும்

என் படிப்பு மூன்று வருஷம் இன்னொருத்தியின் வயிற்றை நம்பி நடந்தது. இப்படிப் பட்டென்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நடந்தது அதுதான். அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துச் சொல்ல எனக்கு வராது.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்த சமயம். எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில். எட்டாவது வரைக்கும் ஊரிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மேல் படிக்கப் பையன்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வெளியூர் போனார்கள். பெண்கள் கொடிக்காலுக்குப் போய் வெற்றிலை கிள்ளினோம். நானும் எட்டாவதை முடித்துவிட்டு, கிள்ளிய வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தேன். மோகனூரிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் என்னை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் மகனுக்கு என்னை எடுப்பதென்று நான் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு. அவன் நல்லவன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு அவனைவிடக் கணக்கு பிடித்திருந்தது, நான் என்ன செய்ய?

எங்கள் ஊரில் இரண்டு பஸ் வைத்திருந்த ஒருவர் இருந்தார். ஊருக்கு அவர் பஸ்காரர், முறைக்கு எனக்கு மாமா. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளைப் பதினைந்து வயதில் ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு எழுதத் தெரியாது. அங்கிருந்து வரும் கடிதமெல்லாம் தபால்காரர் கையெழுத்து. 'இவ்விடம் யாவரும் நலம்' என்று மாதாமாதம் வரும். ஒருநாள் பஸ் சாமான் வாங்கச் சேலம் போன மாமா, திரும்பும் வழியில் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார். அவள் மூன்று மாதமாகப் பாயில் கிடந்தாள். பெண்களுக்கு வருகிற நோவு. அதைத் தபால்காரரிடம் எந்த வாயால் சொல்லி எழுதச் சொல்வாள்?

மகளை அழைத்து வந்து வைத்தியம் பார்த்தார், தேறிவிட்டாள். மாமா தேறவில்லை. "நலம்னு எழுதிப்போட்டானே, நலம்னு எழுதிப்போட்டானே" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் அந்தப் பேச்சு நின்றது. பெண்களுக்கு ஹைஸ்கூல் கட்டப்போகிறேன் என்றார்.

கட்டவில்லை, இருந்ததையே மாற்றினார். நாமக்கல் ரோட்டில் அவருக்கு ஒரு பஸ் ஷெட் இருந்தது. அதை நான்காகத் தடுத்துச் சுண்ணாம்பு அடித்தார். பல மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினார். சேலத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ டீச்சரை, அவருடைய அம்மாவோடு சேர்த்துக் கூட்டிவந்து ஷெட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போய்வரப் பஸ்ஸில் இரண்டு சீட்டு எப்போதும் காலியாக இருக்கும். சோதனைச் சாமான் வாங்கும்வரைக்கும், பழைய பேட்டரியும் டைனமோவும் ஹெட்லைட்டும்தான் எங்கள் அறிவியல் கூடம். மின்சாரம் என்றால் என்ன என்று டீச்சர் எழுதிப் போடுவதற்குள், பஸ் மெக்கானிக் வந்து எங்கள் விரலில் சுளீரென்று காட்டிவிட்டுப் போவார்.

இதற்கெல்லாம் மேலே அவர் செய்த வேலை, பள்ளிக்கூட நேரத்தை மாற்றியது. விடியக்காலம் வெற்றிலை கிள்ளிக் கட்டி முடிக்காமல் எந்த வீட்டிலும் பெண்ணை வெளியே விடமாட்டார்கள். ஆகவே பத்தரை மணிக்குத்தான் முதல் மணி, பத்து மணிக்குத்தான் பஸ். ஊரே சிரித்தது.

"ஏனுங்க, பள்ளிக்கூடம் கடியாரத்தப் பாத்து நடக்குமா, கொடிக்காலப் பாத்து நடக்குமா?"

"கொடிக்காலப் பாத்துத்தானுங்க நடக்கோணும். நம்ம வயிறு அங்கதான இருக்குது?" என்றார் மாமா.

எல்லாம் சரி, பெண்ணை யார் அனுப்புவது? மாமா வீடு வீடாக நடந்தார். வயசுக்கு வந்த பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றுவதா என்று எல்லாரும் மென்று முழுங்கினார்கள். கடைசியில் மாரியம்மன் கோயில் முன்னால் பத்துப் பேர் கூடினார்கள். நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பாதான் வாயைத் திறந்தார். அவருக்கு வளைத்துப் பேச வராது. எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்க புள்ளயக் கட்டிக் குடுத்துப்போட்டீங்க. இப்ப ஊரான் ஊட்டுப் புள்ளயப் பஸ்ஸுல ஏத்தறீங்க. உங்க ஊட்டுலிருந்து ஒரு பொண்ணு ஏறட்டும், பொறத்தாலயே எம் புள்ளயும் ஏறும்."

எனக்குக் குடம் நழுவியது. மாமா வீட்டில் படிக்கிற வயதில் ஏது பெண்? அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ற மருமகள ஏத்தறேன்."

அந்தத் தை மாதம்தான் அவர் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகளுக்குப் பதினாறோ பதினேழோ. தன் ஊரில் எட்டாவது படித்து நின்றவள். கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு ஒருத்தி நாலாம் பாரம், அதாவது ஒன்பதாவது, படிக்கப் போவாளா? அதுவும் பஸ்காரர் வீட்டு மருமகளா? அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லை விழுங்கவும் அவருக்குத் தெரியாது.

"சரிங்க மச்சான். உங்க மருமக போற வரைக்கும் எம் புள்ளயும் போகும். அது நின்ன அன்னைக்கு இதும் நின்னுக்கும்."

மற்ற அப்பன்மார்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். ஆக, எங்கள் ஊரில் ஒன்பது பெண்களின் படிப்பு ஒரு மருமகளின் முந்தானையில் முடிச்சுப் போடப்பட்டது.

டிரைவருக்குப் பின்னால் இருந்த மூன்று வரிசைச் சீட்டு எங்களுக்கு. மருமகள் ஜன்னலோரம், அவளை ஒட்டி நான். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிட்டோம். அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். கொட்டத்தில் நாலு மாடு, வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சோறு. தூங்காமல் என்ன செய்வாள்? எனக்கு அன்று அதெல்லாம் எங்கே புரிந்தது? மாமனார் தள்ளிவிட்டார், வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் படித்தால் என்ன, தூங்கினால் என்ன? பஸ்ஸில் ஏறினால் போதும் எனக்கு.

புதிதாகக் கல்யாணமானவள் எதனால் நிற்பாள் என்று பதினாலு வயதில் எனக்குத் தெரியாதா? மாரியம்மன் கோயில் முன்னால்தான் பஸ் நிற்கும். மாதாமாதம் வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பெண்கள் கோயில் பக்கம் நிற்கக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்று, பஸ் வந்ததும் கடந்து வந்து ஏற வேண்டும். அக்கா எந்த நாளில் அங்கே போய் நிற்கிறாள் என்று நான் நாட்காட்டி பார்க்காமலே சொல்வேன். அவள் அங்கே நின்றுவிட்டால் எனக்கு அப்பாடா என்றிருக்கும். இன்னும் ஒரு மாதம் பள்ளிக்கூடம் உண்டு. அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனிடம், "ஆத்தா, அக்காவுக்கு இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்" என்று கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டேன். இன்னொருத்தி வயிறு திறக்கக்கூடாது என்று வேண்டிய பாவி நான்.

ஐந்தாம் பாரம் படிக்கும்போது ஒரு மாதம் அவள் புளியமரத்தடிக்குப் போகவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. பொறுக்க முடியாமல் பஸ்ஸில் காதோடு கேட்டே விட்டேன்.

"என்னக்கா, இந்த மாசம் அந்தப் பக்கம் நிக்கவே இல்ல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "படிக்கற புள்ள கேக்கற கேள்வியா இது? இதையெல்லாமா கணக்கு வெச்சுட்டு இருக்கற?" என்றாள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. நாலு நாள் கழித்து அவள் ரோட்டைக் கடந்து புளியமரத்தடிக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது.

இரண்டு வருஷம் தாண்டியும் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றதும் ஊர் தன் வேலையைக் காட்டியது. மலடி என்றார்கள். பஸ் குலுங்கினால் கரு எங்கே தங்கும் என்றார்கள். மாமா பெண்டாட்டி மருமகள் காதுபடவே, "இங்கிலீசு படிச்சா வயிறு காஞ்சு போகுமாட்ட இருக்குது" என்று பெருமூச்சு விடுவாராம். எங்கள் அம்மாவும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டாள். நான் வாயாடி, ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்கிறவள், அன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். ஆத்தா என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள் என்று பயம். அந்தப் பயத்திலும் வேண்டுவதை நிறுத்தவில்லை என்பதுதான் கேவலம்.

கடைசி வருஷமான ஆறாம் பாரம் வந்தது. மார்கழியில், தையில், மாசியில், மாதம் தவறாமல் அக்கா புளியமரத்தடியில் நின்றாள். நடுவே சில நாள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். "டீசல் வாசம் ஒத்துக்கல" என்றாள். மூன்று வருஷம் ஒத்துக்கொண்ட டீசல் இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் புளியமரத்தடியில் நின்றாளே, அது போதும். பங்குனியில் பரீட்சை. ஒன்பது பேரும் எழுதினோம், அவளும் எழுதினாள்.

பரீட்சை முடிந்து கொஞ்ச நாளில், மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. மாமா பெண்டாட்டி ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். இனி அவள் நின்றால் எனக்கென்ன? எனக்கும் சந்தோஷம்தான். நாள் கணக்கெல்லாம் நான் பார்க்கவில்லை.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. பேப்பரில் என் நம்பர் இருந்தது. அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "மேக்கொண்டு படிக்கோணும்னாலும் படிச்சுக்க" என்றார். அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக மாமா வீட்டுக்கு ஓடினேன். அக்கா முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் தெரிகிற வயிறு.

"பாஸ் அக்கா! நான் பாஸ்!"

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அடுத்த வாரம் தனக்கு வளைகாப்பு, வந்துவிடு என்றாள்.

"வளைகாப்பா? எத்தனாவது மாசம்?"

"ஏழு."

வாய் இருக்கிறவள் சும்மா இருப்பேனா, விரலை மடக்கி எண்ணினேன். எண்ணி முடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, அப்போ தை, மாசி எல்லாம் நீங்க புளியமரத்தடியில..."

"சும்மாதான் நின்னேன்" என்றாள். "நீதான் தெனமும் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திட்டுப் பாப்பியே. ஊட்டுலயும் மூணு நாளு வெளியில உக்காந்துக்கிட்டேன். எங்க ஊட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பஸ்ஸ விட்டு எறக்கியிருப்பாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மலடி என்ற பேச்சை, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். "எங்களுக்காகவா அக்கா? எங்க ஒம்பது பேருக்காகவா இத்தனையும்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்காகவுந்தான்" என்றாள். கையை விடுவித்து, முறத்தைக் கீழே வைத்தாள். "அதிருக்கட்டும் அம்மிணி, என்ற நம்பரு இருக்குதா பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வீட்டுக்கே வந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளுக்கும் ஒரு நம்பர் உண்டு என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அவளே பேப்பரை வாங்கி மடியில் விரித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு நம்பராகக் கீழே இறங்கினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே போய், மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

"மாமா!" என்று கத்தினாள். அன்றுவரை மாமனார் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசாதவள். "மாமா, நான் பாஸுங்க!"

மாமா உள்ளேயிருந்து பதறிப்போய் வந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி கத்தினால் யாருக்குத்தான் பதறாது? பேப்பரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ஒன்பது பெண்கள் படிப்பதற்காக, வீட்டிலிருந்து ஒருத்தியை ஏற்றி அனுப்பியவர் அவர். எங்கள் ஒன்பது பேர் மார்க்கும் அவருக்கு மனப்பாடம்.

"நீ நெசமாலுமே படிச்சியா, சாமி?" என்று கேட்டார்.

அக்கா இடுப்பில் கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்றாள்.

"படிக்காமப் பின்ன, மூணு வருசமாப் பஸ்ஸுல காத்து வாங்கவா போனேனுங்க மாமா?"