நாடாவில் பதிந்த என் குரல்

என்னிடம் உள்ள ஒலிநாடாக்களின் உறைகளில் எல்லாம் பாடகர் பெயர், ராகம், தாளம் என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பேன். ஒன்றில் மட்டும் ‘வெள்ளி, பாயா ரும்புட்’ என்று கிழமையும் ஊரும் இருக்கும். பாடியவர் பெயர் இல்லை. பாடியது என் மனைவி. அவள் பாட்டைக் கெடுத்தது நான்.

எனக்குச் சாமி நம்பிக்கை போனது ரப்பர் தோட்டத்தில், பதினோரு வயதில். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்காக அப்பா காவடி எடுத்தார். மறுவாரமே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் அதே வருடம் ஒரு நாள், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு ரேடியோவில் வயலின் கேட்டது. கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். இன்றைக்கும் ஒரு நல்ல ஆலாபனை மேலே ஏறும்போது என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலாக்காவின் புக்கிட் காத்திலில் ஒரு வரிசை வீடு வாங்கினோம். அதில் ஒரு சிறிய அறை இருந்தது. மனைவி அதைப் பூஜை அறைக்குக் கேட்டாள். நான் என் இசைத்தட்டுகளுக்கு எடுத்துக்கொண்டேன். அவளுடைய சாமி படங்கள் சமையலறையில், அரிசி டின்னுக்கு மேலே ஒரு பலகைக்குப் போயின. என் அறைச் சுவரில் மலாக்கா ஆற்றங்கரையில் வாங்கிய நீர்வண்ண ஓவியம் ஒன்று மட்டும். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுத்தான் இசைத்தட்டைத் தொடுவேன். ஈரக் கையோடு யாரும் உள்ளே வரக்கூடாது. தட்டு சுழலும்போது வீட்டில் யாரும் முணுமுணுக்கக் கூடாது. அது எந்நேரமும் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

“சாமி இல்லன்றீங்க, ஆனா இந்த ரூமுக்குக் கோயில விட ஆசாரம் ஜாஸ்தியா இருக்குலா,” என்பாள் மனைவி. “ஊதுபத்தி ஒண்ணுதான் பாக்கி. கொளுத்தி வைக்கவா?”

எனக்குச் சிரிப்பு வராது. தீவிர பக்தனுக்குத் தன் சாமியைப் பற்றிய கேலி பிடிக்காது.

வெள்ளிதோறும் அவளை மோட்டார் சைக்கிளில் பாயா ரும்புட் கோவிலில் இறக்கிவிட்டு, எதிர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் புதிதாக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதிலிருந்து பதிகம் பாடும் ஒரு பெண் குரல் வந்தது. பயிற்சியில்லாத குரல்தான். ஆனால் மேலே ஏறிய இடத்தில் எந்த ஜோடனையும் இல்லாமல் நேராகப் போய் நின்றது பாருங்கள், எனக்கு வேலியோரம் நின்ற அந்தப் பதினோரு வயது திரும்பிவிட்டது! தேநீரை அப்படியே விட்டுச் சாலையைக் கடந்து ஓடினேன். வாசலில் பூ விற்ற அம்மாவிடம், “அக்கா, யாரு பாடறது?” என்றேன்.

“என்னா சார், தெரியாத மாரி கேக்குறீங்க? ஒங்க வீட்டுக்காரம்மாலா! எல்லா வாரமும் அவங்கதான். நீங்க உள்ள வந்தாத்தானே தெரியும்!”

திருமணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் மோட்டாரில் கத்திக் கத்திக் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. “சாமிக்குப் பாடுறேன். ஒங்ககிட்ட என்னாத்த சொல்றது?” என்றாள் பின்னாலிருந்து.

அடுத்த வெள்ளிக்காக அந்த வாரம் முழுவதும் தவித்தேன். பதிவுக் கருவி, புது பேட்டரி, புது நாடா, சுதிப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு நாற்பது வருடத்துக்குப் பிறகு கோவிலுக்குள் நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சுதிப்பெட்டியை அவள் காலடியில் வைத்து முடுக்கி, பதிவுக் கருவியையும் ஓடவிட்டேன். பாடத் தொடங்கினாள். மூன்றாவது அடியில் குரல் சுதியைவிட்டுக் கொஞ்சம் மேலே போனது.

“நிறுத்து. சுதி ஏறிடுச்சு. மறுபடியும் மொதல்லேர்ந்து பாடு,” என்றேன். சன்னிதிக்கு முன்னால். அத்தனை பெண்களுக்கும் நடுவில்.

அவள் நிறுத்தினாள். மறுபடி பாடவில்லை.

“நீங்க சாமி கும்புடத்தான் வந்தீங்கன்னு நெனச்சிட்டேன்,” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். கோபமே இல்லை. அதற்குப் பிறகு என் காது கேட்க அவள் பாடியதே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அறையைக் காலி செய்து தருகிறேன் என்றேன். “வேணாங்க. எஞ்சாமிக்கு அரிசி டின்னு பழகிடுச்சு,” என்றாள். என் அப்பாவின் சாமி அவரை ஏமாற்றியது உண்மைதான். ஆனால் அந்தச் சாமியின் பேரால் அவர் யார் வாயையும் மூடியதில்லை. நான் மூடினேன்.

அந்த நாடாவைப் போடும்போதெல்லாம், என் குரல் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். போன வெள்ளிக்கிழமை முட்டிவலி. நேரத்துக்கு எழுந்து நாடாவை நிறுத்த முடியவில்லை. ‘நிறுத்து’ வந்தது. பிறகு சுதிப்பெட்டியின் ரீங்காரம் மட்டும். யாரோ இருமினார்கள். அதன் பிறகு நாடாவில், அன்று அங்கேயே நின்றும் என் காதில் ஏறாத, இத்தனை வருடம் நான் கேட்டிராத ஒன்று இருந்தது. மற்றப் பெண்கள், ஆளுக்கொரு சுதியில், விட்ட அடியிலிருந்து தாங்களே பாடிக்கொண்டு போனார்கள்.

அப்போது அவர்களுக்கு மேலாக இன்னொரு குரல் கேட்டது. அது நாடாவில் இல்லை. சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், தன்னையறியாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். குரல் நடுங்கியது. ஆனாலும் ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள். அன்று போலவே சுதியைவிட்டுக் கொஞ்சம் மேலே போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.