யானைக் காசு

யுத்த காலத்தில் செம்புக்குப் பெரும் தட்டுப்பாடு. பழங்காசு தேடிச் செஞ்சிக்குப் போன நான், கடைத்தெருவில் செம்புப் பாத்திரம் செய்யும் ஒரு கன்னாரைச் சந்தித்தேன். அனலில் புருவம் பொசுங்கிய முகம். வயலில் கிடைத்த காசுகளைக் குடமாக்கச் சொல்லி ஜனங்கள் அவரிடம் கொடுப்பார்கள். உருக்குமுன் ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

அன்று ஒரு காசில் யானை தெரிந்தது. தும்பிக்கையைத் தூக்கியபடி நின்றது. அவர் முகம் மலர்ந்தது. அதன் எடைக்குத் தம் செம்புத் துண்டொன்றை உலையில் போட்டுவிட்டு, காசை என் கையில் வைத்தார்.

"நீங்களே வச்சிக்கோங்க ஐயா."

"ஏன், நீங்க வச்சிக்கலியா?"

"எங்கிட்ட இருந்தா, செம்பு கெடைக்காத அன்னிக்கி நானே உருக்கிடுவேன். உங்ககிட்டன்னா பொழைச்சிக்கும்."

என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அரை மணி நேரப் பழக்கத்தில் என்னை எப்படி நம்பினாரோ, இன்றும் விளங்கவில்லை. யானை பத்திரமாக இருக்கிறது.