இருபதாவது டப்பா

டப்பாவைக் குழியிலிருந்து எடுத்து, தட்டி, வானத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார் வண்டக்கா. நான்கு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தால்தான் திரும்பக் குழிக்குள் வைப்பார். காட்டில் இருபது டப்பாக்கள். இருபதுக்கும் தினமும் இதே சோதனை. தண்ணீர் குடித்த தம்ளரைக்கூட அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கழுவப் போடுகிறாராம். அவர் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

ஆராய்ச்சி நிலையத்தில் சாணவண்டுகளை எண்ணுவது அவர் வேலை. சாயங்காலம் டப்பாவுக்கு மேலே கொஞ்சம் சாணம் கட்டித் தொங்கவிடுவார். வாசனை பிடித்து வரும் வண்டுகள் உள்ளே விழும். காலையில் எண்ணிவிட்டு வெளியே விடுவார். அந்தக் கணக்கைத் தட்டச்சு செய்பவன் நான்.

அவருக்குச் செல்லம் கருநீல வயிற்று வண்டுதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து சாணத்துக்கு அடியில் வளை தோண்டும். ஒரு முட்டைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பொட்டலம் சாணம். “நம்ம வீட்ல நாலு பேரு ஒரே ரூம்ல கெடக்குறோம்” என்பார். மல்லாந்து கிடக்கும் வண்டைக் கண்டால் குச்சியால் புரட்டிவிடாமல் ஓர் அடி நகர மாட்டார். கையில் எடுத்தால் அது கிறீச்சென்று முனகும். “இத்தனூண்டு இருந்துக்கிட்டு கோவத்தப் பாரு” என்று கொஞ்சுவார்.

இரண்டு வருடம் முன்பு, மழைநீர் வடிவதற்காக இருந்த அந்த ஓட்டைகள் வழியே பொடி வண்டுகள் நழுவிப் போயின. ‘எண்ணிக்கை குறைகிறது, கவனிக்கவும்’ என்று நான்தான் சீட்டு எழுதி அனுப்பினேன். அவர் கவனித்தார். எல்லா ஓட்டைகளையும் மெழுகால் அடைத்தார். அன்றிரவு பேய்மழை. காலையில் இருபது டப்பாவும் தளும்பிக் கிடந்தன. கருநீல வண்டுகள் வயிறு மேலே தெரிய மிதந்தன. வளை தோண்டும் பருவம் வேறு. பாதி தோண்டிய வளைகள் அப்படியே தூர்ந்துபோயின. அதற்குப் பிறகு அந்த வண்டு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை.

மழையின் குற்றம் என்று சொல்லி அலுவலகம் கோப்பை மூடிவிட்டது. வண்டக்கா மூடவில்லை. “மழை வரும்னு எனக்குத் தெரியாதா தம்பி? கணக்கு சரியா வரணும்னு பாத்தேன். உசுரு இருக்கணும்னு பாக்கல.” சீட்டு எழுதியவன் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். பத்தொன்பது டப்பாவிலும் வேறு வண்டுகள்தான். கடைசி டப்பாவில், ஒற்றையாக, ஒரு கருநீலம். வண்டக்கா அதை மெல்ல எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார், முனகியது. பக்கத்தில் கிடந்த மான் புழுக்கையின் ஓரமாக இறக்கிவிட்டார். மண்ணைக் கிளறிக்கொண்டு அது உள்ளே போகும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுன்னு எழுதிக்க.”

எழுதினேன். டப்பாவைத் தட்டினார். இந்த முறை வானத்துக்கு நேரே பிடிக்கவில்லை, பைக்குள் போட்டுக்கொண்டார்.

“தொணை தேடி இன்னொண்ணு வரும்ல” என்று சொல்லிக்கொண்டே வெறும் குழிக்குள் மண்ணை அள்ளிப் போட்டார். தினமும் இருபது டப்பா இருந்தாக வேண்டும் என்பது விதி. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, குனிந்து நானும் ஒரு பிடி மண் போட்டேன்.