படிக்கட்டில் மஞ்சள்நீர்

குடிவந்த இரண்டாம் கிழமை, காலையில் கதவைத் திறந்தபோது கைபிடியில் ஒரு சிறு மரப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியவர் மணி அடிக்கவுமில்லை, ஒரு சொல் சொல்லவுமில்லை. இக்கட்டடத்தில் அப்பலகை எவர் கதவுக்கு வருகிறதோ, அந்த வாரம் மேல்மாடி முதல் தெருவாசல்வரை படிகளைத் துடைப்பது அவர் கடமை. வீட்டுக் கதவின் திறப்பைக் கையில் தந்த அன்றே குடியிருப்பு அலுவலர் இதை விளக்கியிருந்தார். காலையும் மாலையும் ஜன்னல்களை விரியத் திறந்து காற்றை மாற்றவேண்டும், மதியத்தில் ஓசை கூடாது, படிகள் முறைவைத்து. எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் முதலில் அகதிகள் விடுதியிலும், பின்னர் மகன் வீட்டு வரவேற்பறையிலும் படுத்தெழுந்த எங்களுக்கு, அரச உதவியால் குறைந்த வாடகைக்குக் கிடைத்த சோசியால்வோனுங் இது. சுவாமிப் படங்களைக் கிழக்கு நோக்கி வைத்து, எவருடைய தொலைக்காட்சியும் குறுக்கிடாமல் பதிகம் பாட ஓர் அறை. அதற்காக எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

பலகையைக் கண்டதும் என் மனம் நிறைந்தது. ஊரில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் கோயில் மண்டபத்தைக் கழுவுவோம். கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் கைமாறி வரும். மஞ்சள் கரைத்து ஊற்றி, பாடிக்கொண்டே தும்புத்தடித் துடைப்பத்தால் தள்ளினால், அழுக்கும் நீரும் ஒன்றாய் வாய்க்காலில் இறங்கிவிடும். இறைவன் தந்த இல்லத்தின் படிகளும் அவன் திருமுற்றமே என்று எண்ணினேன்.

"இஞ்சேருங்கோ, உங்கட நாரி நோவோட வாளி தூக்க ஏலாது. ஈரத்துணியால துடைச்சால் காணும்," என்றாள் மனைவி.

"துடைக்கிறது வேற, கழுவுறது வேற. நீர் மஞ்சளைத் தாரும்."

இங்கே படிக்கட்டுக்கு வாய்க்கால் இல்லை என்பதை இரண்டாம் வாளியைக் கவிழ்த்த பிறகே கண்டேன். கீழ்மாடியில் தனித்து வாழும் ஜெர்மன் மூதாட்டியின் கதவடியில் நீர் தேங்கி, உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. தம் வெளிர்நிறக் கம்பளத்தில் மஞ்சள் படர்வதைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "ஹைலிக், ஹைலிக்," என்றேன், புனிதமானது என்று. அவர் கேட்டதோ, இந்தச் சாயம் போகுமா என்று; அது எனக்குப் பிறகே தெரிந்தது.

கட்டடப் பொறுப்பாளரான ஹவுஸ்மைஸ்ரர் வந்தார். மொழிபெயர்க்க, பக்கத்துக் கட்டடத்துச் சிவத்தை அழைத்தோம். அவர் நெடுநேரம் பேசியதைச் சிவம் சுருக்கினான்: "ஐயா, துடைக்கத்தான் சொன்னவையாம். நீங்கள் அபிஷேகமெல்லோ செய்திருக்கிறியள்." பிறகு அவன் குரல் தணிந்தது. "இன்னொருக்கா நடந்தால் மேலிடத்துக்கு அறிவிப்பினமாம். வீட்டுக்கே பிரச்சினை வரும்."

அன்று மனைவி உண்ணவில்லை. "திரும்பவும் மகன்ர வீட்டுக்கோ? அந்தப் பிள்ளையளுக்கு இடைஞ்சலா இனி நான் போகமாட்டன்," என்றாள். சுவாமி அறையில் விளக்கு எரிந்தது. எனக்குப் பாட வாய் வரவில்லை.

மறுநாள் இருவரும் இறங்கிச் சென்று, கம்பளத்தைத் துவைத்துத் தருகிறோம் என்று சைகையால் கேட்டோம். மூதாட்டி வேண்டாமென்று கையசைத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்று நின்றோம். அவரோ தம் வாளியுடன் திரும்பிவந்தார். துணியை நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி முறுக்கிப் பிழிந்து, முழங்காலைப் பிடித்துக் குனிந்து ஒரு படியைத் துடைத்தார். பிறகு துணியை என்னிடம் நீட்டினார். அடுத்த படியை நான் துடைத்தேன். "கூட்," என்றார். நன்று என்பதற்கு அதற்குமேல் அவர் சொல் செலவழிக்கவில்லை. மேலிடத்திலிருந்தும் எங்களைத் தேடி எவரும் வரவில்லை.

அவர் கதவடியில், படியும் தளமும் சேரும் பொருத்தில் மட்டும் மஞ்சள் தங்கிவிட்டது. அவர் முறை வரும் கிழமைகளில் அதைத் தூரிகையால் தேய்க்கும் ஓசை மேலே கேட்கும். பலகை என் கதவுக்கு வரும்போது, பிழிந்த துணியுடன், பதிகத்தை வாய்க்குள் பாடியபடி இறங்குகிறேன். குடியிருப்பவன் கடமை என்று அந்த மஞ்சள் கறையையும் அழுத்தித் துடைக்கிறேன். துணியை எடுத்ததும், போய்விட்டதோ என்று குனிந்து பார்க்கிறேன். போகவில்லை என்று கண்டு ஆறுதலடைந்த பின்பே அடுத்த படியில் கால் வைக்கிறேன்.