முனிலட்சுமியின் இடது கை

கிருபாராணி ஓசூர் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வருடம் 1988. தெற்கே நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஓசூரில் பலர் பேசும் தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

ஒரு மத்தியானம் பேரிகை கிராமத்து முனிலட்சுமியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தொழிற்சாலையில் இரும்புத் தகடு சரிந்து விலாவில் அடித்திருந்தது. சிறுநீரில் ரத்தம். சிறுநீரகம் கிழிந்திருக்கிறதா என்று தெரிய, நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் டாக்டர். வந்த அவசரத்தில் யாரோ புறங்கையில் குத்திவைத்த ஊசி இருந்தது. கிருபாராணி அதன் வழியாகவே மருந்தைத் தள்ளினாள்.

"மண்டுதாந்தி! மண்டுதாந்தி!" என்று முனிலட்சுமி அலறினாள்.

விலா வலிதான் என்று நினைத்துவிட்டாள் கிருபாராணி. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை ஏற்றினாள்.

படம் கழுவி வந்தது. சிறுநீரகம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மருந்து அங்கே போகவே இல்லை. போர்வையை விலக்கினாள். இடது கை மணிக்கட்டுக்கு மேல்வரை ஊதி, தோல் வெடித்துவிடும்போல் பளபளத்தது.

"எரியுது எரியுதுன்னுதான சிஸ்டர் கத்துச்சு, ஒங்களுக்கு வெளங்கலயா?" என்றாள் ஆயா செல்லி.

மூன்றாம் நாள் தோல் கறுத்தது. பெங்களூரில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். சிறுநீரகம் தானாக ஆறிவிட்டது. கையில் இரண்டு விரல்கள் நிமிரவேயில்லை.

"அவங்க வீட்ல கேட்டா, அடிபட்டதுல வந்த வீக்கம்னு சொல்லிடும்மா" என்றார் டாக்டர். கிருபாராணி செல்லியைக் கூட்டிக்கொண்டு பேரிகைக்கே போனாள்.

"ஊசி நரம்பை விட்டு நழுவியிருந்திச்சு. நான் பாக்கல. தப்பு என்னோடதுதான்."

செல்லி அதைத் தெலுங்கில் சொன்னாள். முனிலட்சுமி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "நான் கத்தினேனே, சிஸ்டர்?"



அதன் பிறகு யார் குத்திய ஊசியையும் அவள் நம்பவில்லை. முதலில் உப்புநீரைத் தள்ளி, தோலில் விரல் வைத்துப் பார்ப்பாள். புடைத்தால் ஊசியை எடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பெரிய நரம்பாகத் தேடிப் புதிதாகப் போடுவாள். மருந்து ஏறும்வரை கையைப் போர்த்த விடமாட்டாள். எரிகிறதா என்று அந்த ஊரில் பேசும் மூன்று மொழியிலும் கேட்பாள்.

"உயிர் போற நேரத்துல என்னம்மா இது?" என்று டாக்டர் கத்தினார். அடுத்த மாதமே காவேரிப்பட்டினம் லாரி டிரைவர் ஒருவருக்கு உப்புநீர் ஏற்றியதும் புறங்கை பொம்மென்று எழும்பியது. டாக்டர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒருநாளும் கத்தவில்லை.